இருமலை அலட்சியம் செய்யாதீங்க, எக்ஸ்ரேவைத் தொலைக்காதீங்க

(தாராபுரத்தில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் ரத்தசோகை பற்றிப் பேசினோம். இந்தத் தடவை நுரையீரல் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறோம். தலைப்பைச் சொன்னதுமே ஒரு அக்கா, "அது பீடி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு வர்றதுங்க, நமக்கு எதுக்கு?" என்று கேட்டாங்க. நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி நினைத்ததால் எங்கள் குழுவில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறோம்.

எங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம்

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தாங்க. பெயர் வேண்டாம். வயது 52. குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மாதம்கூட சேமிப்பு தவறியதில்லை. பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதில்லை. 2019 தை மாதம் அவங்களுக்கு வறட்டு இருமல் ஆரம்பித்தது. காற்றுக்கும் புழுதிக்கும் இருமல் வராமல் இருக்குமா என்று விட்டுட்டாங்க. ரெண்டு மாதம் கழித்து வலது தோள்பட்டையில் வலி. குடம் தூக்கின வலி என்று தைலம் தேய்த்தாங்க. சித்திரையில் ஒரு தனியார் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்தில் மேல் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. சளிப் பரிசோதனை செய்யாமலேயே காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தாங்க. இருமல் நிற்கவில்லை. குரல் கரகரத்துப் போச்சு. உடம்பு இளைத்துப் போச்சு.

அந்த ஆறு மாதத்தில் அவங்க மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கூட்டத்துக்கு பத்து ரூபாய் வீதம் 30 ரூபாய் அபராதம் எழுதினோம். ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அவங்களும் ஒன்றும் சொல்லாமல் மகனிடம் 30 ரூபாயைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

2020 பிப்ரவரியில்தான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனோம். அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பழைய எக்ஸ்ரே எங்கே?" என்பதுதான். பழைய படம் இல்லை. 2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணம் நம்ம பக்கம் வளையமாகத் தெரிந்தது ஞாபகம் இருக்கும். பேரப் பிள்ளைகள் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி கிரகணம் பார்க்கக் கொண்டு போயிருந்தாங்க. (எக்ஸ்ரே படம் வழியாகக் கிரகணம் பார்ப்பது கண்ணுக்கும் கேடு. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.)

சி.டி. ஸ்கேன் எடுத்து, சதைப் பரிசோதனை செய்ததில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்பு வரை பரவியிருந்தது. அடுத்த வருடம் தை மாதம் அந்த அக்கா காலமாயிட்டாங்க. அந்த 30 ரூபாய் வரவு எங்கள் தீர்மானப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

இது யாருக்கு வரும்?

நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான். பீடி, சிகரெட், சுருட்டு எல்லாமே ஒன்றுதான். பீடியில் இலைதானே என்று சமாதானம் சொல்லக் கூடாது. குடிக்கிறவர் விடுகிற புகையை வீட்டுக்குள்ளே சுவாசிக்கிற மனைவி, பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு.

ஆனால் புகை பிடிக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. நம் நாட்டில் இந்த நோய் வந்த பெண்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். காரணங்கள் பல. காற்று மாசு, டீசல் புகை, கல்நார் தூசி ஆகியவை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாகச் சொல்லியிருக்கிறது. விறகு, வரட்டி, பருத்திமாறு எரிக்கிற அடுப்புப் புகையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் உள்ளது என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் சுடுதண்ணிக்கும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும், சிலிண்டர் தீர்ந்துபோன நாளிலும் விறகுதானே எரிக்கிறோம்? அந்த அடுப்பையாவது வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை அறுப்பதோ உடைப்பதோ வேண்டாம். அந்தத் தூசிதான் உள்ளே போய் உட்காரும்.

2022-ஆம் ஆண்டு கணக்குப்படி இந்தியாவில் ஒரே வருடத்தில் சுமார் 81 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. 75 ஆயிரம் பேர் இறந்தார்கள். வந்தவர்கள் எண்ணிக்கையும் இறந்தவர்கள் எண்ணிக்கையும் இவ்வளவு பக்கத்தில் இருக்கக் காரணம், பலருக்கு நோய் முற்றிய பிறகு கண்டுபிடிப்பதுதான்.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

நுரையீரலுக்கு உள்ளே வலி உணரும் நரம்பு கிடையாது. கட்டி உள்ளே வளர்ந்தாலும் வலிக்காது. நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறையையோ, விலா எலும்பையோ, பக்கத்து நரம்பையோ தொட்ட பிறகுதான் வலி வரும். முதல் கட்டத்தில் பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. இருந்தாலும் அது இருமல்தான். இருமலுக்கு நம்ம ஊரில் யார் டாக்டரிடம் போகிறோம்?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல். ஏற்கனவே இருமல் உள்ளவர்களுக்கு இருமலின் தன்மை மாறுவது.

2. சளியில் ரத்தம். ஒரு சொட்டு, ஒரு கீற்று என்றாலும் சரி. "சூடு அதிகமாயிருச்சு" என்று இளநீர் குடித்துவிட்டு இருக்க வேண்டாம்.

3. குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது. குரல்நாணுக்குப் போகிற நரம்பு நெஞ்சுக்குள்ளே இறங்கித்தான் மேலே வருகிறது. அங்கே கட்டி அழுத்தினால் குரல் மாறும்.

4. மூச்சிரைப்பு. முன்பு சர்வசாதாரணமாக ஏறின படியில் இப்போது நின்று நின்று ஏறுவது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டாலும் இப்படி ஆகும்.

5. நெஞ்சு வலி. மூச்சை இழுக்கும்போதும் இருமும்போதும் அதிகமாவது.

6. தோள்பட்டையிலிருந்து கைக்கு இறங்குகிற வலி, கை பலம் குறைவது, ஒரு பக்கக் கண் இமை மட்டும் தொங்குவது. நுரையீரலின் உச்சியில் கட்டி இருந்தால் இப்படி வரும். நம் அக்காவுக்கு வந்த தோள் வலி இதுதான். தைலம் தேய்த்தே மாதங்கள் போய்விட்டன.

7. முகம், கழுத்து வீங்குவது, கழுத்து நரம்பு புடைப்பது. தலையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய குழாயைக் கட்டி அழுத்துகிறது என்று அர்த்தம். இதற்கு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

8. காரணமில்லாமல் எடை குறைவது, பசியின்மை, அசதி. ஜாக்கெட் தொளதொளவென்று ஆவதை நாமே கவனிக்கலாம்.

9. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா சளி வருவது.

10. விரல் நுனி உருண்டு, நகம் கிளி மூக்கு மாதிரி வளைவது.

நோய் பரவிவிட்டால் எலும்பு வலி, தலைவலி, வலிப்பு, மஞ்சள் காமாலை எல்லாம் வரலாம்.

இதில் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம். இருமலுக்கு நூறு காரணம் உண்டு. பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். ஆனால் அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

எக்ஸ்ரே படத்தில் என்ன தெரிகிறது?

1895-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். இன்று தாராபுரத்திலேயே எக்ஸ்ரே எடுக்கிறோம். ஆனால் அந்தப் படத்தை நாம் வாங்கி உறையோடு பரணில் போட்டுவிடுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

எக்ஸ்ரே என்பது நிழல் படம். எலும்பு கதிரைத் தடுக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். நுரையீரல் முழுக்கக் காற்று, அதனால் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பில் இருக்கக் கூடாத இடத்தில் வெள்ளை தெரிந்தால் டாக்டர் உற்றுப் பார்ப்பார். அந்த வெள்ளை சளியாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், பழைய தழும்பாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் வரும். அவற்றின் அர்த்தம் இதுதான்.

ஒப்பாசிட்டி: வெள்ளையாகத் தெரிகிற இடம். அவ்வளவுதான். நோயின் பெயர் அல்ல.

நாடியூல்: 3 சென்டிமீட்டர் வரை உள்ள சிறு உருண்டை. சுண்டைக்காய் அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நாடியூல்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

மாஸ்: 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி. இதற்குக் கட்டாயம் மேல் பரிசோதனை வேண்டும்.

கன்சாலிடேஷன்: காற்று இருக்க வேண்டிய இடத்தில் சளியோ நீரோ அடைத்திருப்பது. நிமோனியாவில் இப்படி வரும். மருந்து சாப்பிட்டு ஆறு வாரம் ஆன பிறகும் படம் தெளியவில்லை என்றால், உள்ளே கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கொலாப்ஸ்: மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டு நுரையீரலின் ஒரு பாகம் காற்றில்லாமல் சுருங்கிப் போவது.

எஃப்யூஷன்: நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது. நீரை எடுத்துப் பரிசோதித்தால் காரணம் தெரிய வாய்ப்பு உண்டு.

கேவிட்டி: கட்டிக்குள்ளே குழி. காசநோயிலும் வரும், புற்றுநோயிலும் வரும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். காசநோயும் நுரையீரலின் மேல் பாகத்தில்தான் அதிகம் வரும், புற்றுநோயும் அங்கே அதிகம் வரும். இரண்டிலும் இருமல், ரத்தம், இளைப்பு. படத்தை மட்டும் பார்த்து இது அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சி.டி. ஸ்கேன் எதற்கு?

வாழைத்தண்டை வெளியே நின்று பார்த்தால் உள்ளே நார் எங்கே, பூச்சி எங்கே என்று தெரியாது. வட்ட வட்டமாக அரிந்து பார்த்தால் தெரியும். சி.டி. ஸ்கேன் அப்படித்தான், உடம்பை அறுக்காமலே அரிந்து அரிந்து காட்டுகிற படம். 1971-இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவர் செய்த கருவியில் முதல் நோயாளிக்குப் படம் எடுத்தார்கள்.

எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னாலும் காறை எலும்புக்குப் பின்னாலும் இருக்கிற சின்னக் கட்டி மறைந்துவிடலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்று வந்தும் இருமலோ ரத்தமோ நிற்கவில்லை என்றால் சி.டி. வேண்டுமா என்று கேளுங்கள். கட்டியின் ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா, முள்முள்ளாக இருக்கிறதா என்று சி.டி.யில் தெரியும். முள்முள்ளான ஓரம் இருந்தால் சந்தேகம் அதிகம். நடு நெஞ்சில் நெரிகட்டி இருக்கிறதா, விலா எலும்பு அரித்திருக்கிறதா, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதும் தெரியும்.

எக்ஸ்ரேயைவிட சி.டி.யில் கதிர் அளவு பல மடங்கு அதிகம். அதனால் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, தேவை என்றால் பயந்து தள்ளிப் போடவும் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ படம் எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றால் சர்க்கரை மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

எந்த ஸ்கேனும் முடிவு அல்ல. சதையோ நீரோ எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் புற்றுநோய் என்று உறுதி செய்ய முடியும். "ஊசி குத்தினா கட்டி பரவிருங்க" என்று ஊரில் சொல்வாங்க. அந்தப் பயத்தில் பரிசோதனை செய்யாமல் திரும்பி வருவதால்தான் உயிர் போகிறது. எந்த வகைப் புற்றுநோய் என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். புகைபிடிக்காத பெண்களுக்கு வருகிற வகையில் சிலருக்கு மாத்திரையே நன்றாக வேலை செய்கிறது. அது யாருக்குப் பொருந்தும் என்பதையும் அந்தச் சதைப் பரிசோதனைதான் சொல்லும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாம்.

பழைய படம் ஏன் முக்கியம்?

இப்போது ஒரு சின்ன உருண்டை தெரிகிறது என்று வையுங்கள். ரெண்டு வருடத்துக்கு முன் எடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் பழைய தழும்புதான். கவலை குறைவு. முன்பு இல்லாமல் இப்போது வந்திருந்தாலோ, வளர்ந்திருந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பழைய படம் மட்டும்தான் சொல்லும்.

அதனால் நிலப் பட்டாவை எப்படிப் பத்திரமாக வைக்கிறோமோ அப்படி எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் வையுங்கள். உறை மேல் பெயர், தேதி எழுதுங்கள். மடிக்காதீர்கள், வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். ஸ்கேன் சி.டி. தட்டில் கொடுத்தால் கேட்டு வாங்குங்கள். செல்போனில் எடுத்த போட்டோ மட்டும் போதாது.

எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது?

இரண்டு வாரம் இருமல் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது தாராபுரம் அரசு மருத்துவமனை. சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்றால் மருந்தும் இலவசம். நம்ம பெரியவர்களுக்குப் பெருந்துறை சானடோரியம் ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் காசநோய் வந்தால் அங்கே போய் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. அதனால் காசநோய் என்றால் மறைக்க வேண்டியதில்லை, முழுசாக மருந்து சாப்பிடுங்கள். ஆனால் மருந்து சாப்பிட்டும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை என்றால் பேசாமல் இருக்காதீர்கள். "சளி டெஸ்ட்டில் கிருமி இருந்துச்சுங்களா? வேற ஏதாவது இருக்குமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மேல் சிகிச்சைக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் சாந்தா அம்மா 2021-இல் மறையும் வரை அங்கேயே பாடுபட்டாங்க.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் கொண்டு போய்க் கலெக்டர் ஆபீசில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க இலவச எண் 1800 425 3993. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைய வேண்டாம், இன்றே எடுத்து வையுங்கள். கந்து வட்டிக்கு வாங்கி, தோட்டத்தை அடமானம் வைத்து வைத்தியம் பார்த்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நாம் எடுக்கிற முடிவுகள்

சகோதரிகளே, பேச்சோடு நிறுத்தாமல் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், அபராதம் எழுதுவதற்கு முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு: மாதக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கும்போதே, "இருமல் யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குதுங்களா?" என்று ஊக்குநர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இருந்தாலும் சொல்லலாம்.

மூன்று: ஸ்கேன் எடுக்கப் போகிற உறுப்பினருக்கு பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவுக்கு அவசர உள் கடன் அன்றைக்கே கொடுக்க வேண்டும். கூட ஒருத்தர் துணைக்குப் போக வேண்டும்.

நான்கு: பீடி, சிகரெட் பழக்கம் உள்ள வீட்டுக்காரரை வீட்டுக்குள்ளே பிடிக்க விடக் கூடாது. நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வயதில் நிறுத்தினாலும் நன்மை உண்டு.

எங்கள் குழுவில் முதல் தீர்மானம் எழுதி மூன்று வருடம் ஆகிறது. போன ஆடியில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். அந்தத் தங்கச்சிக்கு ஒரு மாதமாக இருமல். கூட்டிப் போய்ச் சளி பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, இன்றைக்கு இதே கூட்டத்தில் நம்மோடு உட்கார்ந்திருக்காங்க. எக்ஸ்ரே படம் ரெண்டையும் மஞ்சப்பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறதாகச் சொன்னாங்க.

போன அக்காவை நம்மால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் நம் குழுக்களில் இன்னொருத்தர் வீட்டுக்குள்ளேயே இருமிக்கொண்டு, அபராதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிற நிலைமை வரக் கூடாது. ஊருக்குத் திரும்பினதும் வராதவங்க யார் என்று பார்த்து, அவங்க வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க.